பெயர் மாறாது, முகவரி மாறும்: கணனிகள் ஒன்றையொன்று தேடிப் பிடிப்பது எப்படி?



நமது சமூகத்தில் கணனித்துறை படிக்கும் பிள்ளை ஒன்று பெரும்பாலான குடும்பங்களில் இருக்கிறது. "என்ன படிக்கிறாய்?" என்று கேட்டால் "சி மொழியில் நெற்வேர்க் புரோகிராமிங்" என்று ஒரு வரியில் பதில் வரும். அதற்கு மேல் கேட்கப் பெற்றோருக்குத் தயக்கம். விளங்கப்படுத்தப் பிள்ளைக்கு நேரமில்லை. இம்மாதக் கணனிப் பேச்சு இந்த இரு பகுதியினருக்கும் உரியது. ஒரு பெயரைக் கொடுத்தால் அதற்குரிய முகவரியைக் கணனி எப்படிக் கண்டுபிடிக்கிறது, நிரல் எழுதுபவர் அதை எப்படி முறையாகக் கேட்க வேண்டும் என்பதை இங்கே பார்ப்போம். சின்ன விடயம்தான். ஆனால் நமது வானொலியை இணையத்தில் கேட்பதும் ஊரிலிருக்கும் அம்மாவோடு வாட்ஸ்அப்பில் கதைப்பதும் இந்தச் சின்ன விடயத்தில்தான் தங்கியிருக்கின்றன.

ஆறு மணித்தியால மௌனம்

2021 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 4 ஆம் திகதியைப் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். அன்று ஏறக்குறைய ஆறு மணித்தியாலம் பேஸ்புக், இன்ஸ்டகிராம், வாட்ஸ்அப் மூன்றும் உலகம் முழுவதும் நின்றுபோயின. தொலைபேசி கெட்டுவிட்டதோ, ஊரில் ஏதும் நடந்துவிட்டதோ என்று தவித்தவர்கள் பல வீடுகளில் இருந்திருப்பார்கள்.

நடந்தது இதுதான். அந்த நிறுவனத்தின் பெரிய கணனி நிலையங்களை ஒன்றோடொன்று இணைக்கும் முதன்மை வலையில் பராமரிப்பு வேலை நடந்தது. அப்போது கொடுக்கப்பட்ட ஒரு கட்டளை அந்த இணைப்புகள் எல்லாவற்றையும் துண்டித்துவிட்டது. பெயர்களுக்கு முகவரி சொல்லும் அவர்களுடைய கணனிகள், தாம் மைய நிலையங்களோடு தொடர்பில் இல்லை என்று கண்டால் தம்மை உலகப் பார்வையிலிருந்து விலக்கிக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருந்தன. அவை அப்படியே விலகிக்கொண்டன. அதன்பிறகு உலகில் எந்தக் கணனி கேட்டாலும் "பேஸ்புக் எங்கே இருக்கிறது?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஆளில்லை. மூல காரணம் இணைப்புத் துண்டிப்பு. ஆனால் வெளியுலகம் கண்டது ஒரு பெயர் முகவரியில்லாமல் போனதையே. அந்த நிறுவனத்தின் சொந்தப் பொறியியலாளர்கள் பாவிக்கும் உள்கருவிகளும் அதே பெயர்களை நம்பியிருந்தபடியால், திருத்தும் வேலையும் தாமதமானது.

பெயருக்கு முகவரி கண்டுபிடிக்கும் இந்த வேலையைத்தான் கணனித்துறையினர் பெயர்த் தீர்வு என்கிறார்கள். அதைச் செய்யும் உலகளாவிய ஏற்பாட்டுக்கு டிஎன்எஸ் என்று பெயர்.

இலக்கமும் பெயரும்

இணையத்தில் உள்ள கணனிகளுக்குப் பெயர் தேவையில்லை. இலக்கம்தான் தேவை. அந்த இலக்கம் ஐபி முகவரி எனப்படும். நெடுங்காலமாகப் பாவனையில் உள்ள நான்காம் பதிப்பு முகவரி, புள்ளியால் பிரிக்கப்பட்ட நான்கு எண்களைக் கொண்டது. உதாரணமாக 192.0.2.10 என்று எழுதுவார்கள். ஒவ்வொரு எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். கணக்குப் பார்த்தால் மொத்தம் 4,294,967,296 முகவரிகள். அந்தக் காலத்தில் இது தாராளமாகத் தெரிந்தது. இன்று உலகின் சனத்தொகைக்கு ஆளுக்கொன்று கொடுக்கவும் இது போதாது. 2011 பெப்ரவரி 3 ஆம் திகதி உலக மையத்தின் கையிருப்பு பிராந்தியங்களுக்குப் பிரித்துக் கொடுத்து முடிக்கப்பட்டது. ஐரோப்பாவுக்குப் பொறுப்பான பதிவகம் தன்னிடமிருந்த கடைசித் தொகுதியும் முடிந்துவிட்டதாக 2019 நவம்பர் 25 இல் அறிவித்தது.

இந்தத் தட்டுப்பாட்டை எதிர்பார்த்து உருவாக்கப்பட்டதே ஆறாம் பதிப்பு முகவரி. நான்காம் பதிப்பு 32 பிற் நீளமானது. ஆறாம் பதிப்பு 128 பிற் நீளமானது. ஆகவே இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் பழையது இன்னும் ஓய்வு பெறவில்லை. இரண்டும் அருகருகே ஓடுகின்றன. ஒரே சேர்வருக்கு இரண்டு வகை முகவரியும் இருக்கலாம். ஒரே பெயரின் பின்னால் பல சேர்வர்களும் இருக்கலாம். எனவே "இந்தப் பெயரின் முகவரி என்ன?" என்று ஒருமையில் கேட்பதே சரியில்லை. "முகவரிகள் என்னென்ன?" என்று பன்மையில் கேட்க வேண்டும். இந்தக் கட்டுரையின் பாதிச் செய்தி இதற்குள் அடங்கிவிடுகிறது.

ஒரே ஏட்டிலிருந்து உலகப் பதிவுக்கு

இணையத்தின் தாயான ஆர்ப்பாநெற் காலத்தில் எல்லாக் கணனிகளின் பெயரும் இலக்கமும் ஒரே ஒரு கோப்பில் இருந்தன. ஹோஸ்ற்ஸ் என்று பெயர் கொண்ட அந்தக் கோப்பை அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மென்லோ பார்க் நகரிலிருந்த எஸ்ஆர்ஐ ஆய்வு நிறுவனம் பராமரித்தது. அந்தத் தகவல் மையத்தை நடத்தியவர் எலிசபெத் ஃபைன்லர் என்ற பெண்மணி. புதிதாக ஒரு கணனி சேர்ந்தால் அங்கே அறிவிக்க வேண்டும். அவர்கள் ஏட்டில் பதிவார்கள். மற்றவர்கள் அந்த ஏட்டைப் பிரதி எடுத்துக்கொள்வார்கள்.

சில நூறு கணனிகள் இருக்கும்வரை இது நடந்தது. தொகை பெருகப் பெருக ஏடும் பெருத்தது. பிரதி எடுப்போரின் நெரிசலும் கூடியது. பிரதி எடுத்த மறுநாளே அதில் சில முகவரிகள் பழசாகிவிட்டன. 1983 ஆம் ஆண்டு தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போல் மொக்கபெற்றிஸ் என்பவர் இதற்கு மாற்று வழியை வகுத்தார். எல்லாம் தெரிந்த ஒரே ஏடு வேண்டாம், அவரவர் பகுதியின் பெயர்களை அவரவரே வைத்திருக்கட்டும், மேலே இருப்பவர் "அடுத்து யாரைக் கேட்க வேண்டும்" என்பதை மட்டும் அறிந்தால் போதும் என்பதே அவரது யோசனை. 1987 இல் திருத்தி வெளியிடப்பட்ட அதன் விதிகள்தான் இன்றும் அடிப்படை.

பழைய ஏடு முழுதாக மறையவில்லை. லினக்ஸ், மக், விண்டோஸ் எதுவானாலும் ஹோஸ்ற்ஸ் என்ற பெயரிலேயே ஒரு சிறிய கோப்பு இன்னும் உள்ளே இருக்கிறது. வழமையாகக் கணனி முதலில் அதைத்தான் புரட்டிப் பார்க்கும். அங்கே இல்லாவிட்டால்தான் வெளியே கேட்கப் போகும்.

கேள்வி போகும் வழி

ஊரில் ஒருவரின் வீட்டைத் தேடி வெளியூர்க்காரர் வருகிறார் என்று வையுங்கள். பேருந்து நிற்கும் சந்தியில் விசாரிக்கிறார். "எனக்கு வீடு தெரியாது, ஆனால் அந்தக் குறிச்சிக்குப் போகும் வழி இது" என்கிறார் சந்திக் கடைக்காரர். குறிச்சியில் கேட்டால் ஒழுங்கையைக் காட்டுகிறார்கள். ஒழுங்கையில் நிற்கும் பிள்ளைதான் "இதுதான் வீடு" என்று படலையைக் காட்டுகிறது. யாருக்கும் முழு ஊரும் தெரியாது. ஆனால் ஒவ்வொருவருக்கும் அடுத்த படி தெரியும்.

டிஎன்எஸ் ஏற்பாடும் இப்படித்தான். இணையப் பெயர் ஒன்றை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக வாசிக்க வேண்டும். கடைசியில் வரும் கொம், ஓர்க், எல்கே போன்ற பகுதிதான் உச்சிக்கு மிக அருகில் உள்ளது. உச்சியில் மூலச் சேர்வர்கள் இருக்கின்றன. அவற்றுக்கு ஏ முதல் எம் வரை 13 பெயர்கள். ஒவ்வொரு பெயரின் கீழும் உலகின் பல இடங்களில் பல கணனிகள் வேலை செய்கின்றன. மூலச் சேர்வர் "எல்கே பெயர்களை இவர்களிடம் கேள்" என்று சொல்லும். அவர்கள் "அந்தப் பத்திரிகையின் பெயரை இவர்களிடம் கேள்" என்பார்கள். கடைசியில் உள்ளவர் முகவரியைத் தருவார்.

உங்கள் வீட்டுக் கணனி இவ்வளவு தூரம் அலைவதில்லை. உங்கள் இணைய நிறுவனமோ வேறொருவரோ நடத்தும் ஒரு தேடும் கணனி உங்களுக்காக அலைந்து பதிலைக் கொண்டுவந்து தரும். வந்த பதிலைச் சிறிது காலம் ஞாபகத்திலும் வைத்திருக்கும். எத்தனை செக்கன் வைத்திருக்கலாம் என்பதைப் பெயரின் சொந்தக்காரரே பதிலுடன் எழுதி அனுப்புவார். 300 என்றால் ஐந்து நிமிடம். 86400 என்றால் ஒரு முழு நாள்.

சி மொழியில் பழைய வழி

இனி நிரல் எழுதும் பிள்ளைகளின் பக்கத்துக்கு வருவோம். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் ரிச்சி உருவாக்கிய சி மொழி, கணனியின் அடிமட்டத்தோடு நேரடியாகப் பேசும் மொழி. இயங்குதளங்களும் வலைத் தொடர்பு மென்பொருட்களும் பெரும்பாலும் அதிலேயே எழுதப்பட்டுள்ளன.

1980களில் பேர்க்லி பல்கலைக்கழகத்து யுனிக்ஸ் வழியாகப் பரவிய ஒரு செயற்கூறு, பெயரைக் கொடுத்தால் முகவரியைத் தந்தது. செயற்கூறு என்பது பிள்ளைகள் ஃபங்ஷன் என்று சொல்வது. அதன் பெயர் கெற்ஹோஸ்ற்பைநேம். பெயரைச் சொன்னால் போதும் என்பதால் எல்லோருக்கும் பிடித்துப்போனது. ஆனால் அதற்கு இரண்டு பெரிய குறைகள் இருந்தன.

முதலாவது, அது ஒரு தடவைக்கு ஒரு வகை முகவரியை மட்டுமே தந்தது. நடைமுறையில் அது நான்காம் பதிப்பு முகவரிதான். ஆறாம் பதிப்பு வந்தபோது அதற்குக் கைகொடுக்க முடியவில்லை. இரண்டாவது, பதிலை எப்போதும் ஒரே இடத்தில் எழுதி வைத்தது. ஒரு கரும்பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்ட முகவரியை அதில் எழுதிவிட்டு "பார்த்துக்கொள்" என்கிறது. நீங்கள் வாசித்து முடிப்பதற்குள் அதே நிரலின் இன்னொரு பகுதி வேறொரு பெயரைக் கேட்டால், பலகையை அழித்துப் புதியதை எழுதிவிடும். நீங்கள் பிழையான வீட்டுக்குப் போய்ச் சேருவீர்கள். ஒரே நேரத்தில் பல வேலை செய்யும் இன்றைய நிரல்களுக்கு இது ஆபத்தானது.

யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொசிக்ஸ் தரவிதிகள் 2001 பதிப்பில் இந்தச் செயற்கூற்றைப் பழமையானது என்று குறித்தன. 2008 பதிப்பிலிருந்து அது நீக்கப்பட்டது. ஆயினும் பழைய பாடக்குறிப்புகளில் அது இன்னும் கிடக்கிறது. பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதாமல் இருப்பது நல்லது.

புதிய வழி: நான்கு கேள்வி, ஒரு பட்டியல்

அதற்குப் பதிலாக வந்ததுதான் கெற்அட்ரஸ்இன்ஃபோ என்ற செயற்கூறு. இதை அழைக்கும்போது நான்கு விடயங்களைக் கொடுக்கிறோம்.

முதலாவது, தேடும் பெயர். இரண்டாவது, எந்தச் சேவை வேண்டும் என்பது. பாதுகாப்பான இணையத்தளம் என்றால் 443, சாதாரணமானது என்றால் 80 என்று கதவு இலக்கம் ஒன்று உண்டு. வீட்டு முகவரி தெரிந்தால் மட்டும் போதாது, எந்தக் கதவில் தட்டுவது என்றும் தெரிய வேண்டுமல்லவா? மூன்றாவது, நமது விருப்பக் குறிப்பு. நான்காம் பதிப்பா, ஆறாம் பதிப்பா, இரண்டுமா? தொடர்ச்சியான இணைப்பா, தனித்தனிப் பொதிகளா? நான்காவது, பதில் வந்து சேர வேண்டிய இடம்.

விருப்பக் குறிப்பை எழுதும் முன் அந்த இடம் முழுவதையும் பூச்சியமாக்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நினைவகத்தில் முன்பு கிடந்த குப்பையும் நமது விருப்பமாகக் கருதப்படும். பதிப்பு எதுவானாலும் சரி என்று குறிப்பதே பொதுவாக நல்லது. இணைப்பு வகையைச் சொல்லாமல் விட்டால் லினக்ஸில் ஒரே முகவரி மூன்று தடவை வரக்கூடும். அதைக் கண்டு பல மாணவர்கள் குழம்புவதுண்டு. பிழை எதுவும் இல்லை, மூன்று வகை இணைப்புக்கும் ஒவ்வொரு பதிவு வந்திருக்கிறது.

பதிலாக வருவது ஒரு சங்கிலிப் பட்டியல். முதலாவது முகவரியோடு, அடுத்தது எங்கே இருக்கிறது என்ற குறிப்பும் கட்டப்பட்டிருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு போனால் இரண்டாவது, மூன்றாவது என்று கடைசிவரை போகலாம். பதில் நமக்கென்றே ஒதுக்கிய இடத்தில் வருவதால் கரும்பலகைப் பிரச்சினை இல்லை. அதற்கு ஈடாக ஒரு கடமை உண்டு. வேலை முடிந்ததும் ஃப்ரீஅட்ரஸ்இன்ஃபோ என்ற செயற்கூற்றை அழைத்து அந்த இடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நாள் முழுவதும் ஓடும் வானொலிச் சேர்வரில் இதை மறந்தால், நினைவகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ஒருநாள் நிரல் நின்றுவிடும்.

முதல் கதவு திறக்காவிட்டால்

பட்டியல் கையில் கிடைத்ததும் முதலாவதை மட்டும் எடுத்துத் தட்டிவிட்டு, திறக்கவில்லை என்றால் "சேர்வர் இல்லை" என்று அறிவிக்கும் நிரல்கள் ஏராளம். இது அவசரக்காரர் வேலை. முதலாவது ஆறாம் பதிப்பு முகவரியாக இருக்கலாம். பாவனையாளரின் வீட்டு இணைப்பில் அந்தப் பாதை சரியாக வேலை செய்யாமல் இருக்கலாம். அடுத்த முகவரி அதே பட்டியலில் காத்திருக்கும்போது அவருக்கு வானொலி கேட்காது.

ஆகவே ஒழுங்கான நிரல் பட்டியலின் தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு முகவரியாக முயலும். ஒன்று பலிக்காவிட்டால் திறந்த இணைப்பை மூடிவிட்டு அடுத்ததற்குப் போகும். கடைசி முகவரியும் தோற்ற பிறகுதான் கைவிரிக்கும். இன்றைய இணைய உலாவிகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. முதல் முகவரி கால் செக்கன் அளவில் பதில் தராவிட்டால், அதைக் கைவிடாமலே அடுத்ததையும் தட்டுகின்றன. எது முந்தித் திறக்கிறதோ அதற்குள் நுழைகின்றன. 2012 இல் வெளியாகி 2017 இல் புதுப்பிக்கப்பட்ட இந்த முறைக்கு ஹப்பி ஐபோல்ஸ் என்று வேடிக்கையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். பாவனையாளரின் கண்கள் காத்திருந்து களைக்கக்கூடாது என்பது கருத்து.

இல்லை என்பதும் தெரியாது என்பதும்

ஒருவரின் வீட்டை விசாரிக்கும்போது "அப்படி ஒருவர் இங்கே இல்லை" என்பதும், "இப்போது சொல்ல ஆளில்லை, பிறகு வாருங்கள்" என்பதும் ஒன்றல்ல. கெற்அட்ரஸ்இன்ஃபோ இந்த இரண்டையும் வேறுபடுத்திச் சொல்கிறது. எல்லாம் சரி என்றால் பூச்சியத்தைத் தரும். இல்லாவிட்டால் ஒரு பிழை இலக்கத்தைத் தரும். அந்தப் பெயரே இல்லை என்பதற்கு ஓர் இலக்கம். தற்காலிகமாகப் பதில் கிடைக்கவில்லை என்பதற்கு வேறோர் இலக்கம். முதலாவதற்கு மீண்டும் மீண்டும் கேட்டுப் பயனில்லை, பெயரைச் சரிபார்க்க வேண்டும். இரண்டாவதற்குச் சற்றுப் பொறுத்துக் கேட்க வேண்டும்.

பொறுத்து என்ற சொல் முக்கியம். 2021 இல் பேஸ்புக் நின்ற அன்று, பதில் கிடைக்காத கைத்தொலைபேசிச் செயலிகள் விடாமல் திரும்பத் திரும்பக் கேட்டன. மக்களும் பொத்தானை அமத்திக்கொண்டே இருந்தார்கள். அதனால் தனது தேடும் கணனிகளுக்கு வழமையைவிட 30 மடங்கு கேள்விகள் வந்ததாகக் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் தெரிவித்தது. நல்ல நிரல் முதலில் ஒரு செக்கன், பிறகு இரண்டு, பிறகு நான்கு என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டு கேட்கும்.

இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். இந்தச் செயற்கூறு பதில் வரும்வரை நிரலை நிறுத்தி வைக்கும். லினக்ஸின் வழமையான அமைப்பில் ஒரு தேடும் கணனிக்கு 5 செக்கன் பொறுத்து, மொத்தம் இரண்டு சுற்று முயலும். ஒலி ஓடிக்கொண்டிருக்கும் அதே வரிசையில் இந்தக் கேள்வியைக் கேட்டால் பாட்டு நடுவில் நின்றுவிடும். ஆகவே பெயர் தேடும் வேலையைத் தனியான இழையில் விடுவதே முறை.

அடிமட்ட மொழியின் ஆபத்து

சி மொழியில் நினைவகத்தை அளந்து ஒதுக்குவது எழுதுபவரின் பொறுப்பு. அளவு ஒரு துளி பிழைத்தாலும் மொழி தடுக்காது. 2015 சனவரியில் குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஒரு செய்தியை வெளியிட்டது. லினக்ஸ் கணனிகளில் பாவிக்கப்படும் அடிப்படை நூலகமான ஜிலிப்சியில், பழைய கெற்ஹோஸ்ற்பைநேம் வகைச் செயற்கூறுகளின் உள்ளே ஓர் ஓட்டை இருந்தது. தேவையான இடத்தைக் கணக்கிடும்போது ஒரு சிறு பகுதியைக் கூட்ட மறந்திருந்தார்கள். அதனால் சில பைட்டுகள் எல்லை தாண்டி எழுதப்படலாம். அந்தச் சில பைட்டுகளைக் கொண்டே தூரத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் சேர்வரைக் கைப்பற்ற முடியும் என்று அவர்கள் காட்டினார்கள். அந்தப் பிழை 2000 ஆம் ஆண்டிலிருந்தே அங்கே இருந்தது. கோஸ்ற் என்று அதற்குப் பெயரிட்டார்கள்.

மறு வருடம், 2016 பெப்ரவரியில், புதிய கெற்அட்ரஸ்இன்ஃபோவின் உள்ளேயும் ஓர் ஓட்டை வெளியானது. கூகுள், ரெட் ஹற் நிறுவனங்களின் பொறியியலாளர்கள் அதைக் கண்டறிந்தார்கள். பதிலுக்கென 2048 பைட்டுகள் ஒதுக்கப்பட்டிருந்தன. அதைவிடப் பெரிய பதிலை ஒரு தீயவர் திட்டமிட்டு அனுப்பினால் அருகிலுள்ள நினைவகம் கெட்டுப்போகும். இரண்டு ஓட்டைகளும் திருத்தப்பட்டுவிட்டன. ஆனால் திருத்தம் உங்கள் கருவிக்கு வந்து சேர நீங்கள் அதைப் புதுப்பித்திருக்க வேண்டும். பல ஆண்டுகளாகப் புதுப்பிக்காத பழைய ரவுட்டர் வீட்டில் இருந்தால் அதைக் கவனியுங்கள்.

2015 மே மாதம் முதலாவது நிலையான பதிப்பு வெளியான ரஸ்ற் என்ற மொழி, இத்தகைய எல்லை மீறல்களை நிரல் ஓடும் முன்பே அல்லது ஓடும்போதே தடுக்க முயல்கிறது. அதில் பெயரையும் கதவு இலக்கத்தையும் கொடுத்து இணைப்புக் கேட்டால், பட்டியலிலுள்ள முகவரிகளை அதுவே ஒவ்வொன்றாக முயன்று பார்க்கும். நினைவகத்தைத் திருப்பிக் கொடுப்பதும் தானாக நடக்கும். ஆயினும் பெயரைத் தேட அது வழமையாக அழைப்பது இயங்குதளத்தின் அதே கெற்அட்ரஸ்இன்ஃபோவைத்தான். ஆகவே எந்த மொழியில் எழுதினாலும் அடியில் நடப்பது தெரிந்திருக்க வேண்டும்.

முகவரியை மனப்பாடம் செய்ய வேண்டாம்

நேயர்களே, அகதி விண்ணப்பக் காலத்தை நினைத்துப் பாருங்கள். முகாம், பிறகு உறவினர் வீடு, பிறகு வாடகை அறை என்று முகவரி மாறிக்கொண்டே இருந்தது. பெயரும் கோவை இலக்கமும் மட்டுமே மாறவில்லை. முகவரி மாறியதை அறிவிக்கப் பிந்தினால், விசாரணைத் திகதி எழுதிய கடிதம் பழைய வீட்டுக் கதவில் கிடக்கும். கடிதத்தில் பிழையில்லை, அனுப்பியவரிலும் பிழையில்லை. பழைய முகவரியை நம்பியதுதான் சிக்கல்.

கணனியிலும் அப்படியே. சமூக வானொலிகள் செலவைக் குறைக்கவோ தரத்தைக் கூட்டவோ தமது ஒலிபரப்பை ஒரு சேர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது வழமை. பெயர் அப்படியே இருக்கும், முகவரி மாறும். பெயரைக் கேட்டுப் போகும் செயலிகளுக்கு இது தெரியவே வராது. ஆனால் யாரோ ஒரு தொண்டர் எழுதிய கேட்புக் கருவியில் இலக்கமே எழுதப்பட்டிருந்தால் அன்றோடு அது ஊமையாகிவிடும். அதை நம்பியிருக்கும் முதியவர் பெட்டி பழுதாகிவிட்டது என்று ஓரமாக வைத்துவிடுவார். அவருடைய பகல் பொழுதுக்குத் துணையாக இருந்த ஒரே தமிழ்க் குரல் நின்றுவிடும்.

இதில் நுணுக்கமான ஒரு பொறியும் உண்டு. முகவரி எத்தனை செக்கன் செல்லுபடியாகும் என்பதைக் கெற்அட்ரஸ்இன்ஃபோ நமக்குச் சொல்வதில்லை. ஆகவே நிரல் தொடங்கும்போது ஒரு தடவை கேட்டு, மாதக்கணக்கில் அதையே வைத்துக்கொள்வது தவறு. இணைப்பு அறுந்து மீண்டும் இணையும் ஒவ்வொரு தடவையும் பெயரைக் கொண்டு புதிதாகக் கேட்க வேண்டும். ஞாபகம் வைத்திருக்கும் வேலையைத் தேடும் கணனி பார்த்துக்கொள்ளும். சேர்வரை மாற்றும் நிலையத்தாரும் சில நாட்களுக்கு முன்பே செல்லுபடிக் காலத்தை ஐந்து நிமிடம் போலக் குறைத்துவிட வேண்டும். மாற்றிய பிறகு பழைய சேர்வரையும் சில நாள் ஓடவிட வேண்டும்.

தமிழிலும் பெயர் உண்டு

இணையப் பெயர்கள் ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்ற நிலை இப்போது இல்லை. 2010 ஆம் ஆண்டு ".இலங்கை" என்ற தமிழ் முடிவு அங்கீகரிக்கப்பட்டது. ".இந்தியா", ".சிங்கப்பூர்" என்பனவும் தமிழில் உள்ளன. ஆனால் டிஎன்எஸ் ஏற்பாட்டின் உள்ளே போவது தமிழ் எழுத்து அல்ல. பியூனிகோட் என்ற முறைப்படி அது ஆங்கில எழுத்தும் இலக்கமும் கலந்த ஒரு சங்கேதமாக மாற்றப்படுகிறது. "இலங்கை" என்ற சொல் இரண்டு சிறுகோடுகள் கொண்ட முன்னொட்டோடு சேர்த்து 16 குறிகளாகிவிடும். இணைய உலாவி இதை உங்களுக்குத் தெரியாமலே செய்துவிடும். சி மொழியில் எழுதும் பிள்ளை இந்த மாற்றத்தைத் தானே ஒரு நூலகத்தைக் கொண்டு செய்துவிட்டுத்தான் பெயரைக் கொடுக்க வேண்டும். பரீட்சித்துப் பார்க்கும்போது ஒரு தமிழ்ப் பெயரையும் சேர்த்துக்கொள்ளும்படி நமது பிள்ளைகளைக் கேட்டுக்கொள்கிறோம். நாம் செய்யாவிட்டால் வேறு யாரும் அதைச் செய்து பார்க்கப்போவதில்லை.

வீட்டில் செய்து பார்க்கக்கூடியவை

வானொலியோ இணையத்தளமோ திறக்காவிட்டால் முதலில் வேறு இரண்டு தளங்களைத் திறந்து பாருங்கள். அவை திறந்தால் உங்கள் இணைப்பில் பிழையில்லை. அடுத்து, கைத்தொலைபேசியில் வீட்டு வைஃபையை நிறுத்திவிட்டு மொபைல் டேட்டாவில் அதே தளத்தைத் திறவுங்கள். அங்கே திறந்தால் உங்கள் வீட்டுப் பக்கம் பழைய முகவரி தங்கியிருக்கலாம். ரவுட்டரை அரை நிமிடம் நிறுத்திவிட்டுப் போடுங்கள், கணனியையும் ஒரு தடவை நிறுத்திப் போடுங்கள். பல நேரம் இதுவே போதும்.

தொடர்ந்தும் பெயர்கள் கிடைக்காவிட்டால் ரவுட்டரில் தேடும் கணனியை மாற்றலாம். கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1, குவாட்9 அமைப்பின் 9.9.9.9 ஆகியவை எவரும் பாவிக்கக்கூடியவை. ஆனால் நீங்கள் எந்தெந்தத் தளங்களின் பெயரைக் கேட்கிறீர்கள் என்பது பதில் சொல்பவருக்குத் தெரியும். அதை யாரிடம் ஒப்படைப்பது என்பதைக் குடும்பமாகக் கதைத்து முடிவெடுங்கள்.

படிக்கும் பிள்ளைகளுக்குச் சுருக்கமாக: பெயரை நிரலில் எழுதுங்கள், இலக்கத்தை எழுத வேண்டாம். வரும் பட்டியல் முழுவதையும் முயலுங்கள். இல்லை என்பதையும் தெரியாது என்பதையும் வேறுபடுத்துங்கள். வேலை முடிந்ததும் நினைவகத்தைத் திருப்பிக் கொடுங்கள். இணைப்பு அறுந்தால் புதிதாகக் கேளுங்கள். பெற்றோர் இந்தப் பக்கத்தைப் பிள்ளையிடம் கொடுத்து, "உன்னுடைய நிரல் இதையெல்லாம் செய்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். அன்றைய இரவுச் சாப்பாட்டு மேசையில் கதைக்க ஒரு விடயம் கிடைக்கும்.

அடுத்த மாதக் கணனிப் பேச்சில் மீண்டும் சந்திப்போம்.